மோசல் சரிவில் விளையும் வெயில்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் மோசல் ஆறு வளைந்து வளைந்து ஓடும் பள்ளத்தாக்கில் பிரெம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டி எழும் கால்மோன்ட் குன்றின் சரிவு சில இடங்களில் 65 டிகிரியைத் தொடுகிறது. அங்கே நிமிர்ந்து நின்று கையை முன்னால் நீட்டினால் எதிரே இருக்கும் மண் விரலில் படும். அவ்வளவு செங்குத்து. டிராக்டர் ஏற வழியே இல்லை. ஆனாலும் அந்தச் சரிவெங்கும் திராட்சைக் கொடிகள். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தனிக் கம்பு நட்டு, இரண்டு கிளைகளை இருபுறமும் வளைத்து, இதய வடிவில் அதோடு கட்டிவைக்கிறார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் மெல்ல ஏறும் சின்ன மோட்டார் வண்டி ஆட்களையும் பழக்கூடைகளையும் சுமக்கிறது. கவாத்து, கட்டுதல், அறுவடை எல்லாம் கைவேலைதான்.

இந்தப் பாடு புதிதல்ல. ரோமானியர் காலத்திலிருந்தே இங்கே ஒயின் தயாராகிறது. நொய்மாகன் என்ற ஊரில் 1878-இல் ஒரு கற்சிற்பம் கிடைத்தது. பீப்பாய்களை ஏற்றிச் செல்லும் படகு, துடுப்பு போடும் ஆட்கள். ஏறக்குறைய கி.பி. 220-இல் ஒரு ஒயின் வணிகரின் கல்லறைக்காகச் செதுக்கப்பட்டது அது. இன்று ட்ரியர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீஸ்போர்ட் ஊரில் 1985-இல் தோண்டியபோது, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய திராட்சை பிழியும் கூடமே வெளிப்பட்டது.

ஆற்றோரம் சமதரை இருக்கும்போது ஏன் இந்தச் சுவர் போன்ற சரிவைத் தேடிப் போனார்கள்? அதற்கான விடையைத் தெரிந்துகொண்டால், கோப்பையில் இருக்கும் ஒயினின் மணமும் ருசியும் எங்கிருந்து வந்தன என்பதும் புரியத் தொடங்கும். ஓர் ஊரின் ருசி என்பது அந்த ஊர் மண்ணின் ருசி என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை அதைவிட விந்தையானது.

சாய்வின் கணக்கு

மோசல் பள்ளத்தாக்கு 50 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டியிருக்கிறது. திராட்சைக்கு இது குளிர் எல்லை. இங்கே முதன்மையாக விளைவது ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை. மெதுவாகப் பழுக்கும் வகை இது. அக்டோபர் வரைகூடக் கொடியில் நிற்கும். கொடிக்கு வெயில் மிகவும் தேவைப்படும் அந்த நாட்களில்தான் சூரியன் தாழ்ந்துகொண்டே போகிறது.

செப்டம்பர் பிற்பகுதியில், இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளில், இங்கே நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கதிர்கள் சாய்வாக விழுவதால் சமதரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நேரடி வெயிலில் 64 சதவீதம்தான் கிடைக்கும். ஆனால் தெற்கே பார்த்த 50 டிகிரி சரிவில் அதே கதிர்கள் செங்குத்தாக விழுகின்றன. முழு வெயிலும் அந்தத் தரைக்கே. அக்டோபர் கடைசியில் நண்பகல் சூரியன் 27 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது சமதரைக்குக் கிடைப்பது 45 சதவீதம். கால்மோன்ட் போன்ற 65 டிகிரி சரிவுக்கோ ஏறக்குறைய நூறு சதவீதம். சமதரையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

சூரியன் தாழத் தாழ, செங்குத்தான சரிவின் மதிப்பு கூடுகிறது. முக்கோணவியல் படிக்காத உழவர்கள் பல தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மோசலில் பயணம் செய்பவர்கள் இதைக் கண்ணாலேயே காணலாம். ஆறு வளையும் இடங்களில் தெற்கே பார்த்த கரையில் கொடிகள் நெருங்கி நிற்கும். எதிர்க்கரையில் காடு இருக்கும்.

கல்லுக்கும் இதில் பங்குண்டு. சரிவுகளை மூடிக்கிடப்பது சிலேட்டுப் பாறையின் உடைசல்கள். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, நிலத்தின் அழுத்தத்தில் இறுகிப் பலகை பலகையாகப் பிளக்கும் கல்லாயிற்று. மோசல் பகுதியில் வீட்டுக்கூரை வேய்வதற்கும் இந்தக் கல்லைத்தான் பயன்படுத்துவார்கள். கருநிறக் கற்கள் பகலில் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, மாலையில் சூட்டை மெல்ல விடுகின்றன. மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுகிறது. வேர்கள் நீரைத் தேடிப் பாறை இடுக்குகளுக்குள் ஆழமாக இறங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பேனுக்கும் இந்தக் கல்தரை ஒத்துவருவதில்லை. அதனால் மற்ற இடங்களில் ஒட்டுக்கட்டிய கொடிகளையே பார்க்க முடியும்போது, இங்கே சொந்த வேரில் நிற்கும் பழைய கொடிகளை இன்றும் பார்க்கலாம்.

புளிப்பும் இனிப்பும்

பழுக்கத் தொடங்கும் திராட்சைக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இலைகள் ஒளிச்சேர்க்கையில் செய்யும் சர்க்கரை பழத்தில் வந்து சேர்கிறது. இன்னொரு பக்கம், பழம் தன் சுவாசத்துக்காக மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. வெப்பம் கூடினால் இந்தச் செலவும் கூடும். வெயில் கொளுத்தும் நாடுகளில் பழம் வேகமாக இனித்து, வேகமாகப் புளிப்பை இழந்துவிடும். மோசலில் பகலில் சரிவு வெயிலை வாங்கித் தருகிறது. இலையுதிர்கால இரவின் குளிர் அமிலச் செலவைக் குறைக்கிறது. பழம் நன்றாக இனித்த பின்னும் புளிப்பு மிஞ்சி நிற்கிறது.

திராட்சையில் உள்ள மற்றொரு முக்கிய அமிலம் டார்டாரிக். நம் சமையலறைப் புளியின் புளிப்புக்கும் முதன்மைக் காரணம் இதே அமிலம்தான். இவ்வளவு டார்டாரிக் அமிலம் சேரும் பழங்கள் மிகக் குறைவு. குளிர்ந்த நிலவறையில் இருந்த ரீஸ்லிங் புட்டியின் அடியில் சில சமயம் கண்ணாடித் துகள் போல ஏதோ மின்னும். அந்த அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து படிகமானதுதான் அது. கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

பிழிந்த சாற்றில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. திராட்சையில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள் ஏறக்குறையச் சம அளவில் இருக்கும். ஈஸ்ட் முதலில் தேடுவது குளுக்கோஸை. நொதித்தலைப் பாதியில் குளிரவைத்து நிறுத்தினால் மிஞ்சுவதில் பெரும்பங்கு ஃபிரக்டோஸ். அதுதான் இரண்டில் அதிகம் இனிப்பது. மோசலின் புகழ்பெற்ற ‘கபினெட்’ வகை ஒயின்களில் பல இப்படித்தான் அமைகின்றன. ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான். சர்க்கரை லிட்டருக்கு 40 கிராமையும் தாண்டலாம். ஆனாலும் குடித்தால் திகட்டுவதில்லை.

எலுமிச்சைச் சாற்றில் இதே வித்தை நடப்பதை எல்லோரும் அறிவோம். புளிப்பு இனிப்பை அடக்குகிறது, இனிப்பு புளிப்பை அடக்குகிறது. நாக்கில் இரண்டுக்கும் தனித்தனி உணர்விகள் இருக்கின்றன. ஆனால் மூளை இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்றின் வீச்சு மற்றொன்றைக் குறைத்துவிடுகிறது. மோசல் ரீஸ்லிங்கில் இந்த இழுபறி மிக நுட்பமாக இருக்கும். முதலில் இனிப்பு தெரியும். உடனே புளிப்பு எழும். வாயில் எச்சில் ஊறும். முடிவில் நாக்கு சுத்தமாக இருக்கும்.

கோப்பைக்குள் நடப்பது

மேற்புறம் குறுகிய கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றிப் பாருங்கள். கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலம் ஒட்டும். சற்று நேரத்தில் அது மேலேறி, துளிகளாகத் திரண்டு, கோடு கோடாகக் கீழே இறங்கும். அயர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜேம்ஸ் தாம்சன் 1855-இல் இதற்கு விளக்கம் தந்தார். மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் வேகமாக ஆவியாகிவிடுகிறது. நீரின் பங்கு கூடுவதால் அங்கே பரப்பு இழுவிசை உயர்கிறது. இழுவிசை கூடிய இடம் கீழே இருக்கும் திரவத்தை மேல்நோக்கி இழுக்கிறது. எடை தாங்காமல் அது துளியாக வழிகிறது. இந்தக் கோடுகள் ஒயினின் தரத்தைக் காட்டும் என்பது பரவலான நம்பிக்கை. அவை முதன்மையாகக் காட்டுவது ஆல்கஹாலின் அளவைத்தான். 8 சதவீத ரீஸ்லிங்கில் கோடுகள் மங்கலாகவே இருக்கும்; அதற்காக அது மட்டமான ஒயின் ஆகிவிடாது.

சுழற்றுவதன் உண்மையான பயன் மூக்குக்கு. ஒயினின் பரப்பு விரிவதால் மணமூட்டும் மூலக்கூறுகள் காற்றுக்குள் ஏறுகின்றன. கோப்பையின் குறுகிய வாய் அவற்றைத் தேக்கிவைக்கிறது. குளிரூட்டிய ஒயின் மணத்தை அடக்கிவைக்கும் என்பதால் ரீஸ்லிங்கை 8 முதல் 10 டிகிரி செல்சியஸில் ஊற்றி, கோப்பையில் கொஞ்சம் சூடேற விடுவார்கள். அப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணம் மாறுவதைப் பார்க்கலாம்.

மனித மூக்கில் சுமார் 400 வகை மண உணர்விகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மூலக்கூறு பல உணர்விகளைத் தூண்டும். ஓர் உணர்வி பல மூலக்கூறுகளுக்கு அசையும். எந்தெந்த உணர்விகள் சேர்ந்து அசைந்தன என்ற கோலத்தைத்தான் மூளை ஒரு மணமாக அறிகிறது.

மூக்குக்கு வாசல்கள் இரண்டு. முகரும்போது காற்று முன்வாசல் வழியாக நுழைகிறது. விழுங்கிய பிறகு மூச்சு விடும்போது, வாயிலிருந்து எழும் ஆவி தொண்டையின் பின்புறமாக ஏறி அதே உணர்விகளை அடைகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பின்வாசல் வழியாக வருகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஏலக்காய் மிட்டாயைச் சப்பினால் இனிப்பு மட்டும் தெரியும். விரலை எடுத்த நொடியில் ஏலக்காய் வந்துவிடும். ஒயினைச் சுவைப்பவர்கள் வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சுவது பின்வாசலுக்கு ஆவியை அனுப்பத்தான். தொழில்முறைச் சுவைஞர்கள் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள். சில மில்லிலிட்டரிலேயே அறிய வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கும் நிலையில் இது நல்ல பழக்கமும்கூட.

மூக்கு எவ்வளவு நுட்பமானதோ, மூளை அவ்வளவு எளிதில் வசப்படுவது. பிரான்ஸின் போர்தோவில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினும் ஒரு சிவப்பு ஒயினும் கொடுத்து மணத்தை எழுதச் சொன்னார்கள். பிறகு அதே வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமியைக் கலந்து கொடுத்தார்கள். நிறம் மாறிய வெள்ளை ஒயினுக்கு மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எழுதினார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வு நிபுணர்களை ஏமாளிகள் ஆக்கவில்லை. கண் சொன்னதை நம்பி மூக்கு தேடும் என்பதைக் காட்டியது. பெயர் சொல்லிப் பழகினால் மணம் தெளிவாகும் என்பதும் இதன் மறுபக்கம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் 1984-இல் உருவாக்கிய மணச்சக்கரம் இதற்குத்தான் உதவுகிறது. ‘பழம்’ என்ற பொது வகையில் தொடங்கி, ‘எலுமிச்சையா, ஆப்பிளா, பீச்சா’ என்று வெளிவட்டம் நோக்கி நகரலாம்.

பழத்தில் இல்லாத மணம்

கொடியிலிருந்து பறித்த ரீஸ்லிங் பழத்தைக் கடித்தால் பெரிதாக மணம் இருக்காது. அதன் மணமூட்டிகளில் பல, சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து கிடக்கின்றன. பிணைந்திருக்கும்வரை அவை ஆவியாவதில்லை. ஆவியாகாத பொருளுக்கு மணம் இல்லை. நொதித்தலின்போது நொதிகளும், பிறகு புட்டிக்குள் அமிலமும் அந்தப் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கின்றன. அப்படி விடுபடுவதில் ஒன்று லினலூல். கொத்தமல்லி விதையை வறுக்கும்போது எழும் மணத்தில் முதன்மையானது இதே சேர்மம். இளம் ரீஸ்லிங்கில் பூவும் பழத்தோலும் கலந்த மணமாக இது தெரியும்.

இந்த ஒயின் வயதாகும்போது நடப்பது இன்னும் வியப்பு. சில ஆண்டுகள் கழித்துத் திறந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை லேசாக வீசும்! முதன்முறை முகர்பவர்கள் திடுக்கிடுவார்கள். பழகியவர்கள் அதைத் தேடுவார்கள். டிடிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேர்மம் அது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும்.

அது பிறக்கும் விதத்தைப் பாருங்கள். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டுகள் திராட்சையிலும் உண்டு. கடும் ஒளியிலிருந்து செல்களைக் காப்பது அவற்றின் வேலை. பழம் முற்றும்போது அவை சிதைந்து சிறு துண்டுகளாகின்றன. அந்தத் துண்டுகளில் சில, புளிப்பான ஒயினுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து மெதுவாக டிடிஎன் ஆகின்றன. வெயில் நன்றாகப் பட்ட குலைகளில் இதன் மூலப்பொருள் அதிகம். அதாவது, ஏதோ ஒரு செப்டம்பரில் சரிவில் விழுந்த வெயில், பழத்தின் தற்காப்பு நிறமியாகி, அமிலத்தில் உருமாறி, பல ஆண்டுகள் கழித்து ஒரு வாடையாக மூக்கை எட்டுகிறது. வெயில், அமிலம், காலம் மூன்றும் சேராமல் அந்த மணம் இல்லை. மூன்றையும் அளவோடு தருவதில் மோசலுக்கு இணையான இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

கல்லுக்கு ருசி உண்டா?

மோசல் ஒயினைச் சுவைக்கும் யாரும் ஒரு கட்டத்தில் சொல்வது: “சிலேட்டுக் கல்லின் ருசி தெரிகிறது.” சாம்பல் நிறச் சிலேட்டுள்ள வேலன் ஊரின் சோனன்ஊர் தோட்டத்து ஒயினையும், செந்நிற மண்ணுள்ள உர்சிக் ஊரின் வூர்ஸ்கார்ட்டன் ஒயினையும் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு தெரியவே செய்யும். முதலாவதன் பெயருக்குக் காரணமான சூரியக் கடிகாரம் 1842-இல் வைத்தது. இன்றும் கொடிகளுக்கு நடுவே நிழலால் மணி காட்டுகிறது.

வேறுபாடு உண்மை. ஆனால் கல் வேர்வழியாக ஏறி ஒயினில் வந்து ருசிக்கிறது என்பதை நிலவியல் ஏற்கவில்லை. வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழக நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைத் தொடர்ந்து விளக்கி எழுதியிருக்கிறார். வேர்கள் உறிஞ்சுவது நீரில் கரைந்த அயனிகளை மட்டும். ஒயினில் வந்து சேரும் தாதுக்களின் அளவு பெரும்பாலும் நாக்கு உணரும் எல்லைக்குக் கீழே. சிலேட்டோ நீரில் கரையாது, ஆவியாகாது. ஆவியாகாத கல்லுக்கு மணம் எப்படி வரும்?

மழை பட்ட கல்லின் மணம் நமக்கெல்லாம் தெரியுமே என்று கேட்கலாம். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் காட்டியது இதுதான்: வறண்ட நாட்களில் கல்மேல் படிந்த கரிம எண்ணெய்கள் ஈரம் பட்டதும் எழுகின்றன. மண் வாசனையே மண்ணுடையது இல்லை.

அப்படியானால் இரண்டு தோட்டங்களின் ஒயின் ஏன் வேறுபடுகிறது? சரிவின் கோணம், கல்லின் சூடு, நீர் வடியும் வேகம், வேரின் ஆழம், காலைப் பனி விலகும் நேரம். இவை ஒவ்வொன்றும் பழம் முற்றும் வேகத்தை மாற்றுகின்றன. அதனால் சர்க்கரை, அமிலம், மணமூட்டிகளின் விகிதம் மாறுகிறது. ஓர் இடம் தன் மண்ணைக் கோப்பைக்குள் அனுப்புவதில்லை. தன் வெயிலையும் குளிரையும் ஈரத்தையும் பழத்தின் வேதியியலாக மாற்றி அனுப்புகிறது. கல்லை நேரடியாக நக்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ நுட்பமான தொடர்பு.

பூஞ்சைகூட இதில் சேர்ந்துகொள்கிறது. இலையுதிர்காலக் காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி எழும். பிற்பகலில் வெயில் காயும். இந்த இரண்டும் மாறி மாறி வந்தால் பொட்ரைடிஸ் என்ற பூஞ்சை பழத்தோலில் நுண்துளைகள் இடும். நீர் ஆவியாகி, பழம் சுருங்கி உலர்திராட்சை போலாகும். அப்படிச் சுருங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்யும் ‘ட்ரோக்கன்பேரன்ஆஸ்லேசே’ தேன்போல் அடர்ந்தது. அதில் சோட்டலோன் என்ற சேர்மம் சேரும். வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான அதே சேர்மம்.

மாறும் வானிலை, மாறும் கோப்பை

ருசி இடத்தின் வானிலையால் ஆனது என்றால், வானிலை மாறும்போது ருசியும் மாறியே ஆக வேண்டும். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் போன் நகரத்தில் அறுவடை தொடங்கிய நாட்கள் 1354 முதல் பதிவாகியிருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் அறுவடை வெகுவாக முந்திவிட்டதை அந்தப் பதிவுகள் காட்டுகின்றன. ஜெர்மனியில் கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிந்து செய்யும் ஐஸ்வைனுக்கு மைனஸ் 7 டிகிரி குளிர் வேண்டும். 2019-ஆம் ஆண்டு விளைச்சலில் அந்த நாட்டின் எந்த ஒயின் பகுதியிலும் அதற்கான குளிர் வரவில்லை என ஜெர்மன் ஒயின் நிறுவனம் அறிவித்தது.

மோசலுக்கு இதில் இரண்டு முகங்கள். முன்பு பழம் முற்றாமல் தவித்த சார், ரூவர் போன்ற குளிர்ந்த கிளைப் பள்ளத்தாக்குகளில் இப்போது நன்றாகப் பழுக்கிறது. ஆனால் வெயிலைத் தேடி ஏறிய அதே செங்குத்துச் சரிவுகளில் கோடையில் பழம் கருகும் ஆபத்தும் வந்திருக்கிறது. கூலி உயர்ந்து, ஆள் கிடைக்காமல், சில சரிவுகள் கைவிடப்பட்டுப் புதர் மண்டிக் கிடக்கின்றன. போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வரும் பருவத் தொழிலாளர்கள் இல்லாவிட்டால் அறுவடையே நடக்காத தோட்டங்கள் உண்டு. ஒரு புட்டியின் விலையில் இந்த உழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதைச் சுவைப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம்.

இந்த மாற்றத்தை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரே தோட்டத்தின் இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்தால் போதும். 2018 வெப்பமான ஆண்டு. அதன் ரீஸ்லிங்கில் பழச்சுவை திரண்டு, புளிப்பு தணிந்திருக்கும். 2021 குளிர்ந்த ஆண்டு. அதன் புளிப்பு நாக்கின் ஓரங்களைச் சுண்டும். தோட்டம் ஒன்று, கொடி ஒன்று, கல் ஒன்று, செய்தவர் கையும் ஒன்று. மாறியது வானம் மட்டும். அந்த மாற்றத்தை எந்தக் கருவியும் இல்லாமல், தன் மூக்காலும் நாக்காலும் ஒரு மனிதர் அளந்துவிட முடிகிறது என்பதுதான் ஒயின் சுவைத்தலில் இருக்கும் பெரிய இன்பம்.